மே மாதத்தில் கிறிஸ்துமஸ் வேலையைத் தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் சென்னையில் வேலை பார்க்கும் பெண். திருமணத்துக்குப் பிறகு இந்த ஆண்டுதான் கிறிஸ்துமஸ் முழுவதும் அவர் பொறுப்பு. கணவரின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். போன ஆண்டு அம்மா வீட்டில் கடைசிப் பத்து நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, பண்டிகையன்று காய்ச்சலோடு ஆராதனைக்குப் போனாராம். இந்த முறை மே மாதத்திலேயே தொடங்கினால் என்ன, கேக்குக்குப் பழங்களை இப்போதே ஊறவைத்துவிடலாமா, வெளிநாட்டில் 'ஜூலை கிறிஸ்துமஸ்' என்று ஒன்று கொண்டாடுகிறார்களாமே என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கணவர் சிரிக்கிறாராம். கடைசி வரியில் பழைய சீரியல் பல்புகளைப் பற்றியும் ஒரு கேள்வி.

தொடங்கலாமா என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: தொடங்கலாம். ஆனால் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. டிசம்பர் தலையில் இருக்கிற சுமையில் எதை இறக்கி மே மாதத்தில் வைத்தால் அது கெடாமல் இருக்கும், எது வீணாகும் என்பதுதான் கேள்வி. நான் மனையியல் படித்தவள். பாளையங்கோட்டையில் 25 ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடியே கிறிஸ்துமஸ் கேக்கும் பலகாரமும் செய்து கொடுக்கிறேன். நான் சொல்வது வீட்டு அளவுக்குப் பொருந்தும். பேக்கரி நடத்துகிறவர்களின் கணக்கு வேறு. ஜூலை கிறிஸ்துமஸை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கொளுத்தும் கோடை. குளிரோடு ஒரு கிறிஸ்துமஸ் விருந்து வேண்டும் என்கிறவர்கள், அங்கே குளிர்காலமான ஜூலையில் அதை வைத்துக்கொள்கிறார்கள். நம் வேலைக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

முதலில் பழம். எல்லோரும் முந்திக்கொண்டு செய்கிற வேலை இது. அவசரமே இல்லாத வேலையும் இதுதான். ஆங்கிலிக்கன் வழிபாட்டு மரபில், கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையின் ஜெபம் 'கிளறிவிடும்' என்று பொருள்படும் சொல்லோடு தொடங்கும். அதையே சாக்காக வைத்து இங்கிலாந்து வீடுகளில் அன்றைக்குக் கிறிஸ்துமஸ் புட்டிங்கைக் கிளறுவது வழக்கமாயிற்று. அதாவது பண்டிகைக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பு. நம் ஊர்ப் பெரிய ஓட்டல்களில் தொப்பி போட்டுக்கொண்டு நடத்துகிற பழக்கலவை விழாக்களும் அக்டோபர், நவம்பரில்தான் நடக்கின்றன. நான் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஒரே செய்முறையில், மே மாதம் ஊறிய பழத்தில் ஒரு கேக்கும் நவம்பர் முதல் வாரம் ஊறவைத்த பழத்தில் ஒரு கேக்கும் சுட்டு, எது எதென்று சொல்லாமல் தெரிந்த வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தேன். சரியாகச் சொன்னவர்கள் பாதிப் பேர். காசைச் சுண்டிவிட்டுக் கேட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். மாதக்கணக்கில் ஊறினால் சுவை கூடும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லமாட்டேன்; என் நாக்குக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேறுபாடு பிடிபடவில்லை, அவ்வளவுதான். இது சமையலறை அனுபவம், ஆய்வுக்கூட முடிவு அல்ல.

உறுதியாகச் சொல்லக்கூடியது சுவையைப் பற்றி அல்ல, கெடுவதைப் பற்றி. இங்கே விற்கும் ரம்மில் ஆல்கஹால் பொதுவாக 42.8 சதவீதம். பழத்தின் ஈரம் கலந்து அது கொஞ்சம் நீர்த்தாலும், பழத்தின் சர்க்கரையும் சேர்ந்துகொள்வதால், புளிக்கவைக்கிற ஈஸ்டும் பூஞ்சையும் அந்த ஜாடிக்குள் பிழைக்க முடியாது. பழம் முழுவதும் மூழ்கியிருக்கிற வரையில் அலமாரியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பழத்தைக் கழுவினால் ஒரு முழு நாள் வெயிலில் உலர்த்திய பிறகே ஜாடியில் போட வேண்டும். முந்திரியைச் சேர்க்கவே கூடாது, ஊறிச் சவசவத்துவிடும். ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைப்பது முற்றிலும் வேறு கதை. அது குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதையே மே மாதத்தில் மேசைமேல் விட்டால் மூடி தானாக எழும்பும். சாற்றில் போட்டு ஆறு மாதம் வைக்கலாம் என்று யாராவது காணொளியில் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துப் பல வீடுகளில் மதுப் பாட்டில் வாசலைத் தாண்டாது. மாமியாரிடம் கேட்காமல் ரம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் இறங்கிவிடாதீர்கள். அடுப்பில் வெந்தால் எல்லாம் ஆவியாகிவிடும் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. ஒரு பங்கு கேக்கிலேயே தங்கும். யாருக்குக் கொடுத்தாலும் சொல்லிக் கொடுக்க வேண்டும். முந்தைய இரவு சாற்றில் ஊறிய பழத்திலும் நல்ல கேக் வரும். பத்து நாளுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். எங்கள் அம்மா ஆயுள் முழுவதும் அப்படித்தான் செய்தார்.

ஆகவே மே மாதத்தில் பழத்தை ஊறவைக்காவிட்டாலும் வாங்கி வைப்பதில் பொருள் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி, நாசிக் பக்கங்களில் உலர்திராட்சை காய்வது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. இப்போது கடைக்கு வருவது புதுச் சரக்கு. (செர்ரி என்று கேக்கில் போடுகிற சிவப்பு உருண்டை பெரும்பாலும் சாயமேற்றிய களாக்காய், டூட்டி ஃப்ரூட்டி என்பது பப்பாளிக்காய் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்கள் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இரண்டிலும் குறையொன்றும் தெரியவில்லை.) கேக்குக்கு நிறம் தருகிற கருகவைத்த சர்க்கரைப் பாகையும் இப்போதே காய்ச்சிப் புட்டியில் ஊற்றி வைக்கலாம், கெட்டியாக இருந்தால் கெடாது. வெந்நீர் ஊற்றும்போது கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அது சீறும்.

மே மாதத்தில் கிடைக்கிற, டிசம்பரில் எவ்வளவு காசு கொடுத்தாலும் அதே தரத்தில் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு: கருப்பட்டி. பனையில் பதநீர் இறங்குவது மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு ஓயும். முந்திரிக்கொத்துக்கு உயிரே கருப்பட்டிதான். வறுத்த பாசிப்பயற்று மாவும் தேங்காயும் எள்ளும் ஏலமும் கருப்பட்டிப் பாகில் சேர்ந்து, அரிசிமாவுக் கரைசலில் முங்கி எண்ணெயில் விழுகிற அந்தப் பலகாரத்தில் வெல்லத்தைப் போட்டால் பலகாரம் வரும், மணம் வராது. ஒரு கிலோ பயற்றுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கருப்பட்டி வேண்டும். உங்கள் கணவரின் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் உடன்குடி இருக்கிறது; அந்த ஊர்ப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடே பெற்றது. விடுமுறைக்குப் போகும்போது, கருப்பட்டி காய்ச்சுகிற குடிசையான விடிலிக்கே போய் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சர்க்கரை கலந்ததா இல்லையா என்பதை உடைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை. நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். காய்ச்சுகிறவரைத் தெரிந்து வாங்குவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த சோதனை.

வாங்கியதைக் காப்பாற்றுவது அடுத்த வேலை. முன்பு அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். புகையும் சூடும் ஈரத்தை அண்டவிடாது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்த வசதி போயிற்று. நான் ஒரு நாள் நிழலோடு கூடிய வெயில் காட்டி, பழுப்புத் தாளில் தனித்தனியாகச் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் இறுக மூடி வைக்கிறேன். ஐப்பசி பிறந்த பிறகு எட்டிப் பார்க்கும் ஆசையில் திறக்கக் கூடாது. ஒரு வருஷம் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் வந்த தூக்கில், கார்த்திகையில் பாகுதான் இருந்தது.

அடுத்து, செலவே இல்லாத ஒரு வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது ஒரு சமையல் தராசை எடுத்துச் செல்லுங்கள். மாமியார் உழக்கிலும் ஆழாக்கிலும் கையளவிலும் சொல்வதை அவர் கண்ணெதிரே கொட்டி நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு உழக்கு மாறும். எங்கள் மாமியாரின் பழைய பித்தளை உழக்கும் நான் கடையில் வாங்கியதும் ஒன்றுக்கொன்று 30 கிராம் தள்ளி நின்றன. அச்சுமுறுக்கில் அந்த 30 கிராம் மாவு போதும், அச்சை விட்டு முறுக்கு இறங்காமல் அடம்பிடிக்க. டிசம்பர் 20 அன்று மாமியாரிடம் 'பொறுங்கள் அத்தை, நிறுத்துப் பார்க்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறதென்று தெரியும். மே மாதத்து மதியத்தில் அவர்களுக்கும் பொழுது போக வேண்டும். பாட்டி செய்த பலகாரக் கதையோடு அளவும் வந்து விழும். அச்சும் அப்படியே. புது அச்சைத் தோசைக்கல்லைப் போலப் பழக்க வேண்டும். இரண்டு நாள் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, காய்ந்த எண்ணெயில் மறுபடி மறுபடி முக்கி, முதல் இருபது முறுக்கைப் பிய்ந்தே எடுக்கத் தயாராக இருக்க வேண்டும். அந்த இருபதை இப்போது பிய்த்துத் தின்றுவிட்டால் டிசம்பரில் மானம் மிஞ்சும்.

தொடக்கூடாதவையும் உண்டு. அரிசிமாவை வறுத்து இப்போதே டப்பாவில் அடைக்கும் யோசனை வரும். வெயில் அப்படித் தூண்டும். மூன்று மாதம் போனால் எனக்கு அதில் ஒரு பழைய வாசனை தெரிகிறது, வண்டும் வரும். செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன் கிடைக்கும் வெயிலில் செய்வது போதும். முந்திரிப்பருப்புக்கு இதுதான் அறுவடைக் காலம். ஆனால் சாதாரண பிளாஸ்டிக் பையில் ஆறு மாதம் வைத்தால் எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும். உறைபெட்டியில் இடம் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கிராம்பு, பட்டை, ஜாதிக்காயை முழுதாக வாங்கி வெயில் காட்டி வைக்கலாம், பொடிக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அவர்களுக்கு இப்போது துணி தைப்பது காசைக் கிணற்றில் போடுவது. ஏழு மாதத்தில் முழங்கால் தெரியும்.

பெரியவர்களுக்கான துணிக்கு என் கணக்கு ஆடித் தள்ளுபடி. நம் பக்கம் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டு ஆராதனைக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு புதுத்துணி. நான்கு பேர் என்றால் எட்டு. ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் ஓடும் அந்தத் தள்ளுபடியில் சேலையை எடுத்து, ஆகஸ்டிலேயே ரவிக்கையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்குமேல் தீபாவளித் துணி வந்து அவர் மேசையை மூடிவிடும். அதிலிருந்து அவர் தலை தூக்கும்போது டிசம்பர் வந்திருக்கும். குடில் வைக்கிற வீடாக இருந்தால் சொரூபங்களுக்கும் இதே தர்க்கம். மதுரை பக்கத்து விளாச்சேரியில் மண் பொம்மை செய்கிறவர்கள் பிள்ளையார், கொலு, குடில் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகிறவர்கள். களிமண் காய வெயில் வேண்டும். குறிப்பிட்ட அளவில், குறிப்பிட்ட நிறத்தில் வேண்டுமென்றால் கோடையில் சொல்லிவைப்பது அவர்களுக்கும் வசதி. எங்கள் வீட்டில் குடில் வைக்கும் வழக்கம் இல்லை. இது கத்தோலிக்கத் தோழி ஒருத்தியோடு இரண்டு முறை போய் வந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விடப்போவதில்லை. வாரம் இவ்வளவு என்று கட்டி டிசம்பரில் மளிகையும் வெள்ளிக் காசும் வாங்குகிற கிறிஸ்துமஸ் சீட்டு நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு உண்டு. பல சீட்டுகள் ஒழுங்காக நடக்கின்றன. 1998-இல் நான் கட்டிய சீட்டை நடத்தியவர் நவம்பர் நடுவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். 44 வாரப் பணம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் கேக் இல்லை, மற்றவர்களுக்குச் சுட்ட கேக்கின் ஓரம்தான். சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். தெருச் சீட்டில் யாரும் அந்தத் தாளைக் கேட்பதில்லை. பல வங்கிகளில் ஆறு மாதத் தொடர் வைப்பு இருக்கிறது. ஜூன் முதல் தேதி மாதம் 3,000 ரூபாய் என்று தொடங்கினால் டிசம்பர் முதல் தேதி 18,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் வரும். வெள்ளிக் காசு கிடைக்காது. நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ரயில் டிக்கெட்டை மட்டும் மே மாதத்தில் ஒன்றும் செய்ய முடியாது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பயணம் செய்கிற நாள் அதில் சேராது. முன்பு டிசம்பர் 23-க்கான டிக்கெட்டை ஆகஸ்ட் 25 அன்றே எடுக்கலாம். இப்போது அக்டோபர் 24 காலை 8 மணி. இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்து வைப்பது. 2025 அக்டோபர் 1 முதல், இணையத்தில் முன்பதிவு திறக்கிற முதல் சில நிமிடங்கள் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டும் என்று விதி வந்தது; பிறகு அந்த நேரத்தை நீட்டிவிட்டார்கள். தென்மாவட்ட ரயில்களில் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு மிஞ்சுவது காத்திருப்போர் பட்டியல்தான். இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை என்பதால் அக்டோபர் தொடக்கத்தில் மறுபடியும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு முன்னேற்பாடு தேவையா என்று சிரிக்கிற உங்கள் கணவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: 2023 டிசம்பரில் அவர் எங்கே இருந்தார்? தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை, முட்டை இல்லை. முதல் வாரத்திலேயே சுட்டு மெழுகுத்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த ரம் கேக்குகள் மட்டும் தப்பின. சாற்றுக் கேக் கேட்டிருந்த 11 வீடுகளுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் அட்டவணை மாறிவிட்டது: ரம் கேக் நவம்பர் கடைசி வாரம். சாற்றுக் கேக்கும் முந்திரிக்கொத்தும் டிசம்பர் 15-லிருந்து, அதுவும் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு. பயற்றை வறுத்துத் திரிப்பது அதற்கு முன் எந்த நாள் வெயில் அடிக்கிறதோ அந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் அப்படிப் பெய்வதில்லை; ஆனால் கடைசி வாரத்தை மட்டும் நம்பி இனி நான் ஒரு வேலையையும் வைப்பதில்லை.

சீரியல் பல்புகளை இந்த வாரமே பிரித்துப் பாருங்கள். ஜனவரியில் அவசரமாகச் சுருட்டி அட்டைப்பெட்டியில் திணித்தது எலிக்குப் பிடித்த இடம். கடித்த வயரை மே மாதத்தில் கண்டுபிடித்தால் எரிச்சல்தான் வரும். டிசம்பர் 23 இரவு, மழை ஈரம் படிந்த வாசலில் கண்டுபிடித்தால் ஷாக் அடிக்கும். கடித்திருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடுங்கள்.